சிற்றேரியும் சிறகுகளும்

நுழையும்முன்

ஏரி வெட்டுவதையும் அதன் கரையைக் காப்பதையும் அறமெனப் போற்றிய மண் தமிழகம். உழவுக்கென அமைந்த ஏரிகளுள் சில, ஆயிரக்கணக்கான பறவைகள் பிறந்து வளரும் இடங்களாகவும் விளங்குகின்றன. அத்தகைய சிற்றேரி ஒன்றின் கரையில் நடந்து, நீரும் மரமும் பறவையும் மனிதரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையை அறிவோம்.

தாங்கல் என்னும் சொல்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் அமைந்துள்ளது வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுச்சாலையில் பிரிந்து, வயல்களினூடே சென்றால் இவ்வூரை அடையலாம்.

'தாங்கல்' என்பது நீர் தேங்கும் சிற்றேரியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அப்பெயர்களைச் சொல்லும்போது நாம் பழைய நீர்நிலைகளையே நினைவுகூர்கின்றோம். வேடர்கள் வாழ்ந்த தாங்கல் என்பது வேடந்தாங்கலுக்குச் சொல்லப்படும் பெயர்க்காரணம். வேட்டையாடுவோரின் பெயரைத் தாங்கிய ஊர், வேட்டையிலிருந்து பறவைகளைக் காக்கும் ஊராக மாறியது.

இச்சரணாலயத்தின் ஏரிப்பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். அதாவது, 73 ஏக்கர். ஒரு முற்பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய இடம். புலிகள் காப்பகங்கள் பல நூறு சதுர கிலோமீட்டர் பரந்திருக்க, இத்துணைச் சிறிய ஏரி பல்லாயிரம் பறவைகளுக்கு எவ்வாறு இடம் தருகிறது? இவ்வினாவுக்கான விடையைக் கரைமேல் நடந்தே அறியலாம்.

கரைமேல் நடைபாதை

வேடந்தாங்கலுக்குச் செல்வோர் நடக்கும் பாதை, ஏரியின் கரைதான். மழைநீரைத் தடுத்து நிறுத்த உயர்த்தப்பட்ட மண்கரையின்மேல் நடைபாதை செல்கிறது. இடையிடையே அமர்வதற்கு இருக்கைகளும், உயரத்திலிருந்து நோக்கக் கண்காணிப்புக் கோபுரமும் அமைக்கப்பட்டுள்ளன. இருகண் நோக்கி இருப்பின் கூட்டினுள் இருக்கும் குஞ்சுகளையும் காணலாம்.

இப்பாதையில் நடப்போர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பார்ப்பர். ஏரியின் நடுவே, நீரில் பாதி மூழ்கி நிற்கும் மரங்களும் அவற்றின் கிளைகளை மூடியிருக்கும் பறவைகளும் கண்களை ஈர்க்கும். சற்றே திரும்பிக் கரையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அங்கே நெல்வயல்கள் விரிந்து கிடக்கும். ஏரியின் மதகு வழியே வெளியேறும் நீர் அவ்வயல்களுக்குப் பாய்கிறது. ஒருபுறம் கூடு, மறுபுறம் கழனி. நடுவே நாம் நடக்கும் கரை. வேடந்தாங்கலின் வரலாறு முழுவதும் இந்தக் கரையின் இருபுறமும் எழுதப்பட்டிருக்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் இங்குச் செல்ல ஏற்றவை. காலை வேளையில் பறவைகள் இரை தேடப் புறப்படுவதையும், மாலையில் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வருவதையும் காணலாம். அந்திப்பொழுதில் நாரைகளும் கொக்குகளும் வந்து இறங்க, பகலெல்லாம் கிளைகளில் உறங்கிக் கிடந்த இராக்கொக்குகள் இரை தேடப் புறப்படும். ஒரே மரத்தை ஒரு சாரார் பகலிலும் மற்றொரு சாரார் இரவிலும் தங்குமிடமாகக் கொள்ளும் அம்முறைமாற்றம் காணத்தக்கது.

நீர் வேலி

ஏரியினுள் நிற்கும் மரங்களுள் நீர்க்கடம்பு முதன்மையானது. கருவேல மரங்களும் உண்டு. அடிமரம் மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாத இயல்பு நீர்க்கடம்புக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பும்போது, மரங்கள் ஒவ்வொன்றும் நீர் சூழ்ந்த சிறு தீவாகிவிடும். நரி, காட்டுப்பூனை, நாய் போன்றவை கூடுகளை நெருங்க இயலாது. மனிதன் கட்டாத வேலியாக நீரே நின்று காக்கிறது.

இதனாலேயே ஏரியில் நீர் நிற்கும் காலத்திற்கும் பறவைகளின் இனப்பெருக்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாரை கூடுகட்டி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு சிறகு முற்றிப் பறக்கும்வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழியும். அதுவரை மரத்தடியில் நீர் நிற்க வேண்டும். நீர் முன்னதாகவே வற்றினால் வேலி மறைந்துவிடும். கூடே இரையாகும் இடமாகிவிடும். பருவமழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் குறைவாகவே வருவதும், வந்தவையும் கூடுகட்டாமல் வேறிடம் நாடிச் செல்வதும் இக்காரணத்தாலேயே. மழையின் அளவைப் பறவைகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

மரங்களுக்கும் இவ்வாழ்க்கை எளிதன்று. பல்லாண்டுகள் தொடர்ந்து விழும் எச்சம் இலைகளைக் கருக்கும்; கிளைகளைப் பட்டுப்போகச் செய்யும். பழைய மரங்கள் வீழும்போது அவற்றின் இடத்தைப் புதிய மரங்கள் நிரப்பினால்தான் கூடுகளுக்கு இடமிருக்கும். ஆகவே, மரக்கன்றுகளை நட்டு வளர்ப்பதும் இங்குப் பறவைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.

அலகும் உணவும்

ஒரே மரத்தில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கொக்கு எனப் பல இனங்கள் அருகருகே கூடுகட்டுகின்றன. இரைக்காக அவை ஓயாது சண்டையிட்டுக் கொள்வதில்லை. அதன் காரணத்தை அவற்றின் அலகுகள் உணர்த்துகின்றன.

நத்தைக்குத்தி நாரையின் இரு அலகுகளும் மூடிய நிலையிலும் நடுவே இடைவெளியுடன் இருக்கும். வழுக்கும் நத்தையைப் பற்றிக்கொள்ள இந்த இடைவெளி உதவும் எனக் கருதப்படுகிறது. நத்தையின் ஓட்டைப் பெரும்பாலும் நொறுக்காமலே, கீழலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்திச் சதையை இப்பறவை வெளியே எடுத்துவிடும். குஞ்சுகளின் அலகில் இவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும்.

கரண்டிவாயனின் அலகு நுனியில் தட்டையாக விரிந்திருக்கும். ஆழமற்ற நீரில் நடந்துகொண்டே அலகைப் பாதி திறந்து இடமும் வலமுமாக வீசிச் செல்லும். சிற்றுயிர் பட்டவுடன் அலகு மூடிக்கொள்ளும். மஞ்சள்மூக்கு நாரையும் கண்ணைவிடத் தொடுவுணர்வையே மிகுதியும் நம்புகிறது. நீரில் அலகைத் திறந்து வைத்து, காலால் கலக்கி, தப்பியோடும் மீனைப் பற்றும். அரிவாள்மூக்கன் வளைந்த அலகைச் சேற்றினுள் செலுத்திப் புழுக்களையும் பூச்சிகளையும் தேடும். கூழைக்கடா தன் அலகின் கீழுள்ள தோற்பையை வலைபோல் பயன்படுத்தி மீன்களை முகந்தெடுக்கும்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நீரில் மூழ்கி மீன்பிடிப்பவை. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டுமே மேலே தெரிவதால் பாம்பு போலத் தோன்றும். கூரிய அலகால் மீனைக் குத்திப் பிடிக்கும். இவ்விரண்டின் இறகுகளும் நீரில் நனைந்துவிடக்கூடியவை. எனவே, கரையேறியபின் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டு கிளைகளில் நிற்கும்.

நத்தை, புழு, சிறுமீன், பெருமீன், தவளை, பூச்சி என உணவு பிரிந்திருக்கிறது. கரையோரம், சேறு, ஆழமற்ற நீர், ஆழ்நீர் என உணவு தேடும் இடமும் பிரிந்திருக்கிறது. ஒன்றின் பங்கை மற்றொன்று பெரிதும் பறிக்காததால், ஒரே மரத்தில் அவை அண்டை வீட்டாராய் வாழ முடிகிறது.

வந்தவையும் வாழ்பவையும்

வேடந்தாங்கல் பறவைகள் அனைத்தும் அயல்நாடுகளிலிருந்து வருபவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது முழுமையான உண்மையன்று. இங்குக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் நீர்க்காகங்களும் கொக்குகளும் இந்நாட்டைத் தாயகமாகக் கொண்டவையே. அவை ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதில்லை. நீரும் இரையும் உள்ள இடங்களை நாடி நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்கின்றன. மழைக்காலத்தில் வேடந்தாங்கலுக்கு வந்து, கோடையில் ஏரி வற்றத் தொடங்கும்போது பிரிந்து செல்கின்றன.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து போன்றவையே நெடுந்தொலைவு வலசை வருபவை. வட ஆசியாவின் கடுங்குளிரில் நீர்நிலைகள் உறைந்து இரை கிட்டாதபோது அவை தெற்கு நோக்கிப் பறக்கின்றன. இங்குக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் தம் நிலத்திற்குத் திரும்பியே அவை கூடுகட்டும். ஆகவே, முன்னவைக்கு வேடந்தாங்கல் பிறந்த வீடு; பின்னவைக்கு அது விருந்தினர் இல்லம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இரு வகையினருக்கும் தேவைப்படும் பாதுகாப்பு வேறு என்பதும் விளங்கும். கூடுகட்டும் பறவைக்கு மரமும் அமைதியும் வேண்டும். விருந்தாக வரும் வாத்துக்குத் திறந்த நீர்ப்பரப்பும் நீர்த்தாவரங்களும் வேண்டும்.

பறவைகள் பருவந்தோறும் வடக்கும் தெற்கும் சென்று வருவதைத் தமிழர் நெடுங்காலமாகவே கவனித்துள்ளனர். வறுமையால் ஊரைவிட்டு வந்த சத்திமுத்தப் புலவர், குமரியிலிருந்து வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விடுவதாகப் பாடினார். கற்பனையான அத்தூதின் அடியில் உண்மையான பறவைநோக்கல் ஒன்று இருப்பதை நாம் உணரலாம்.

உழவரின் உடன்பாடு

இவ்வேரியின் பறவைகளை முதலில் காத்தவர்கள் ஊர்மக்கள். ஏரிநீரில் கலக்கும் பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. அந்நீர் பாயும் வயல்களுக்கு உரச்செலவின்றியே ஊட்டம் கிடைக்கிறது. இதனைப் பட்டறிவால் உணர்ந்த வேடந்தாங்கல் உழவர்கள், பறவைகளை ஊரின் செல்வமாகக் கருதினர். வயலில் மேயும் நாரைகள் நத்தைகளையும் நண்டுகளையும் பூச்சிகளையும் உண்டு பயிருக்கு வேறு வகையிலும் துணைபுரிந்தன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரிப்பறவைகளை வெளியார் சுட்டு வேட்டையாடியதை ஊரார் எதிர்த்தனர். 1790களில் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஏற்பளித்தார். வனவுயிர்ப் பாதுகாப்பு என்னும் துறையே உருவாகாத காலத்தில், சிற்றூர் மக்கள் ஆள்வோரிடம் முறையிட்டுப் பெற்ற உரிமை அது. பின்னர் 1936இல் இவ்வேரி பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளைப் பிடிப்பதையும் கூடுகளைச் சிதைப்பதையும் குற்றமாக்கியது. 1998இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய உடன்பாடு வேடந்தாங்கலோடு நிற்கவில்லை. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடுகட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, பறவைகளின் வருகையை ஊருக்கு வளமெனக் கருதி அம்மக்கள் வாழ்கின்றனர்.

எல்லைக்கு அப்பால்

இப்போது நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். 30 ஹெக்டேர் ஏரி பல்லாயிரம் பறவைகளுக்கு எவ்வாறு போதுமானதாகிறது? உண்மையில், அது போதுவதில்லை. வேடந்தாங்கல் பறவைகளுக்கு வீடு. அவற்றின் உணவுக்களமோ சுற்றியுள்ள ஏரிகளும் குளங்களும் நெல்வயல்களுமே. விடிந்ததும் பறவைகள் ஏரியைவிட்டு வெளியே பறப்பதன் பொருள் இதுதான். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலி ஏரியும் பறவைகள் சரணாலயமாக விளங்குகிறது. ஏரிகள் மாவட்டம் எனப் பெயர்பெற்ற செங்கல்பட்டின் எண்ணற்ற சிற்றேரிகள், பெயர்ப்பலகை ஏதுமின்றியே இப்பறவைகளுக்கு உணவளிக்கின்றன.

நிலப்படத்தில் சரணாலயத்தின் எல்லையைக் கோடிட்டுக் காட்டலாம். பறவையின் வாழ்வெல்லையோ அக்கோட்டைக் கடந்து விரிகிறது. வேடந்தாங்கலில் ஒரு மரமும் வெட்டப்படாமலேயே அங்குள்ள பறவைகள் குறைய முடியும். பக்கத்து ஊரின் ஏரி தூர்ந்துபோனால் போதும். வரத்துக்கால்வாய் அடைபட்டால் போதும். வயல்கள் மனைகளானால் போதும். வயலில் மிகுதியாகத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, நத்தையின் வழியே நாரையின் உடலுக்குள் சென்றால் போதும். இரை கிட்டாத தாய்ப்பறவை வெகுதொலைவு அலைய நேரும். கூட்டிலுள்ள குஞ்சுகளுள் வலுவற்றது முதலில் மடியும்.

ஐந்து கிலோமீட்டர் ஆரம் என்னும் விதியின் தேவை இங்குதான் புரிகிறது. அதே வேளையில், அவ்வட்டத்தினுள் ஊர்களும் மக்களின் சொந்த நிலங்களும் உள்ளன என்பதையும் மறத்தலாகாது. வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் அவர்களுக்கும் வேண்டும். பறவைகளுக்காகச் சில கட்டுப்பாடுகளை ஏற்கும் மக்களுக்கு, அப்பாதுகாப்பினால் விளையும் நன்மையும் சென்று சேர வேண்டும். பழைய உடன்பாடு நிலைத்ததற்குக் காரணம், உழவரும் பறவையும் ஒருவரால் ஒருவர் பயன்பெற்றமையே. சட்டம் அவ்வுடன்பாட்டுக்கு வலிமை சேர்க்கலாம். அதன் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ள இயலாது.

தெரிந்து தெளிவோம்

ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள் இவ்வுடன்படிக்கையின்படி 'ராம்சர் தலங்கள்' எனப் பட்டியலிடப்படுகின்றன. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் இப்பட்டியலில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 உலக ஈரநில நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பார்ப்போர் கடமை

பறவைகளைக் காணச் செல்வோர், தாம் செல்வது பிறர் வீட்டின் வாயிலுக்கு என்பதை உணர வேண்டும். கரையில் எழும் ஒரு பேரொலியின் விளைவை எண்ணிப் பார்ப்போம். கூட்டில் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவை திடுக்கிட்டு எழுந்து பறக்கும். அது திரும்பி வருவதற்குள் காகங்களும் பருந்துகளும் முட்டைகளையோ இளங்குஞ்சுகளையோ கவர்ந்து செல்லக்கூடும். நண்பகலாயின், நிழலிழந்த குஞ்சுகள் வெயிலில் வாடும். சிறகை விரித்து வெயிலை மறைத்து மணிக்கணக்கில் நிற்கும் நாரையை அங்கே காணலாம். நம் கூச்சல் கலைப்பது அந்தக் குடையைத்தான்.

ஆகவே, மெல்லிய குரலில் பேசுதல், பாதையைவிட்டு நீரருகே இறங்காதிருத்தல், கல்லெறிதலும் கைதட்டிப் பறக்கவிடுதலும் செய்யாதிருத்தல், நெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்லாதிருத்தல் ஆகியவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். பளிச்சிடும் நிறங்களைத் தவிர்த்து, மண்ணோடும் இலையோடும் ஒத்த நிறத்தில் உடுத்துதல் நன்று. ஒளிப்படம் எடுப்பதைவிட, ஒரே மரத்தை அரைமணி நேரம் உற்றுநோக்குவது மிகுதியாகக் கற்பிக்கும். எந்தப் பறவை குச்சி கொண்டுவருகிறது, எது கூட்டைக் காக்கிறது, குஞ்சுக்கு எத்தனை முறை இரை வருகிறது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் எழுதப்பட்ட மாணவரின் குறிப்பும் அறிவியலுக்குப் பயன்படும் சான்றே.

நம் ஊர் ஏரி

வேடந்தாங்கலைக் கண்டு திரும்பும் ஒருவர் தம் ஊர் ஏரியைப் புதிய கண்களோடு பார்த்தல் வேண்டும். அதன் மதகு எங்கே, கலங்கல் எங்கே, நீர் வரும் வழி எது என்று அறிந்திருத்தல் வேண்டும். வேடந்தாங்கலில் பிறந்த நாரை ஒன்று, கோடையில் அவ்வூர் ஏரியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அதற்கு அங்கே நீரும் இரையும் இருக்குமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, அவ்வூராருக்கு உரியது. புகழ்பெற்ற ஒரு சரணாலயம் நிலைத்திருப்பது, பெயர் அறியப்படாத பல சிற்றேரிகள் நிறைந்திருப்பதால்தான். நம் ஊர் ஏரியின் கரையைக் காப்போர், தாம் காணாத கூடுகளையும் காக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நீர்நிலைக்குச் சென்று, கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் ஆகியவற்றைக் குறித்து ஒரு படம் வரைக. அவற்றின் இன்றைய நிலையை எழுதுக.

2. தாங்கல், ஏரி, குளம், ஏந்தல், ஊருணி, கண்மாய் முதலிய சொற்களில் முடியும் ஊர்ப்பெயர்களைத் திரட்டி, அவ்வூர்களில் இன்று அந்நீர்நிலைகள் உள்ளனவா எனக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

3. 'பறவைகளின் பாதுகாப்பும் ஊர்மக்களின் வளர்ச்சியும்' என்னும் தலைப்பில் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக. இரு தரப்பும் ஏற்கத்தக்க முடிவுகளைத் தொகுத்து எழுதுக.